கோழிக்கூடும் கோழி எருவும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

கோழி வளர்ப்பு பத்தி நாலு வார்த்தை பேசச் சொன்னாங்க. கோழி வளர்க்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பட்ட நட்டத்தையும் அதுக்கப்புறம் செஞ்சதையும் சொல்றேன்.

குழுவில் 8,000 ரூபாய் கடன் வாங்கி 12 நாட்டுக்கோழி வாங்கினேன். மிச்சப் பணத்தில் கூடு. கடையில் கோழிவலைன்னு குடுத்த மெல்லிசு வலையைச் சுத்தி அடிச்சேன். நாலாவது மாசம் ஒரு ராத்திரி மரநாய் அதைக் கிழிச்சு உள்ளே போயிடுச்சு. விடிஞ்சு பார்த்தா 9 கோழி செத்துக் கிடக்குது. தின்னது ஒண்ணுதான், மத்ததெல்லாம் கழுத்தைக் கடிச்சுப் போட்டது. தவணை இன்னும் 6 பாக்கி. வீட்டில் "இதுக்குத்தான் சொன்னேன்"னு பேச்சு வேற. அந்த ஆறையும் நூறு நாள் வேலைக் கூலியில்தான் கட்டினேன்.

ரெண்டாவது கூட்டை யோசிச்சுக் கட்டினேன். கோழி வெளியே போகாம தடுக்கிற வலை வேற, மரநாயும் கீரியும் உள்ளே வராம தடுக்கிற வலை வேற. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்குங்க. கதவுக்குக் கயிறு கட்டாதீங்க, கொண்டி போடுங்க. ராத்திரி அடைய ஒரு கோழிக்கு 2 சதுர அடி போதும். 10 கோழிக்கு 5 அடிக்கு 4 அடி. நீளவாக்கு கிழக்கு மேற்கா இருந்தா வெயில் பக்கவாட்டில் அடிக்காது. தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால் நிறுத்தி, அடிப்பலகையை இடைவெளி விட்டு அடிச்சா எச்சம் கீழே விழுந்துடும். கூரை நல்லா வெளியே நீண்டிருக்கணும், இல்லேன்னா சாரல் பட்டு எச்சம் சேறாகி நாறும். மேல்பக்கம் காத்துப் போக வழி விடுங்க. கண்ணு எரியிற அளவுக்கு நெடி வந்தா கோழிக்குச் சளி பிடிக்கும். தகரம் போட்டவங்க மேலே தென்னங்கீற்றைப் போர்த்திடுங்க.

வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி கால்நடை மருந்தகத்தில் போடறாங்க, விட்டுடாதீங்க.

இப்ப எரு. பச்சை எச்சத்தை அப்படியே கத்தரிச் செடிக்குப் போட்டேன், ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகிடுச்சு. அதில் தழைச்சத்து அவ்வளவு காரம். ஒரு கூடை எச்சத்துக்கு மூணு கூடை காய்ஞ்ச சருகு கலந்து மக்க வைக்கணும். ஆனா என் வீட்டு எச்சத்தை வெச்சு சின்னதா ஒரு குவியல் போட்டேன், சூடே ஏறலை. 3 அடி நீளம், அகலம், உயரம் இருந்தாத்தான் உள்ளே சூடு பிடிக்கும். பத்துக் கோழி வெச்சிருக்கிற ஒரு வீட்டால அது ஆகாது. அதனால பக்கத்து ரெண்டு வீட்டு அக்காங்களையும் சேர்த்து, மூணு வீட்டு ரெண்டு மாச எச்சத்தை ஒரே குவியலாப் போட்டோம். மூணாம் நாள் கம்பியை உள்ளே சொருகி எடுத்தா கையில் பிடிக்க முடியலை!

கலவையைக் கையில் பிழிஞ்சா ஈரம் தெரியணும், தண்ணி ஒழுகக் கூடாது. வாரம் ஒரு தடவை புரட்டி விடுங்க, வெளியே இருக்கிறது உள்ளே போகணும். ரெண்டு மாசத்தில் நெடி போய் மண் வாசம் வரும். இன்னொரு மாசம் ஆற விட்டுத்தான் போடறேன். நோய் வந்து செத்த கோழியைக் குவியலில் போடாதீங்க, சுண்ணாம்பு தூவி ஆழமாப் புதைச்சிடுங்க. பச்சையாத் திங்கிற கொத்தமல்லி, வெங்காயத்துக்கு மக்காத எருவைப் போடவே கூடாது.

கூடு பார்க்கணும்னு நிறைய பேர் கேட்டீங்க. சாயங்காலம் 6 மணிக்கு வாங்க, அடையிற நேரம். அளவு நாடா ஒண்ணு கொண்டு வாங்க, என்கிட்ட இருந்ததை யாரோ வாங்கிட்டுப் போய் இன்னும் குடுக்கலை.