ஊர் திரும்பும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் அமர்வில் வழங்கிய உரை)



ஊர் திரும்பும் நாள் நெருங்க நெருங்க, எதையெல்லாம் மறக்காமல் எடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பீர்கள். அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். வீட்டில் மனநோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவர் இருந்தால், அவருடைய கிளினிக் கொப்பியும் அந்தப் பையில் இருக்க வேண்டும். மனநோய்கள் பல. இன்று ‘பைபோலர்’ என்று வைத்தியர்கள் சொல்லும் இருமுனை மனநோயைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இடம் மாறும் காலத்தில் இது திரும்ப வருவதற்கான ஆபத்து அதிகம்.

இந்த நோயில் மனம் இரண்டு பக்கமும் எல்லை மீறிப் போகும். ஒன்று எழுச்சிக் காலம். ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆள் மாறிப்போவார். இரண்டு மூன்று மணித்தியாலம் மட்டும் தூங்கினாலும் களைப்பு இராது. பேச்சு நிற்காது. பெரிய பெரிய திட்டங்கள் போடுவார், கைப்பணத்தை வாரி இறைப்பார், மறித்தால் சண்டை பிடிப்பார். மற்றது சோர்வுக் காலம். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பம் இராது. சாப்பாடு, குளிப்பு எல்லாம் பாரமாகும். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமும் வரலாம். கூடுதலான நாட்களைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சோர்வுதான்.

இரண்டுக்கும் இடையில் நல்ல காலம் இருக்கும். வேலைக்குப் போவார், பிள்ளைகளைப் பார்ப்பார், பகிடியும் விடுவார். ‘இப்ப சுகம்தானே, இனி எதற்குக் குளிசை?’ என்ற கேள்வி அப்போதுதான் வரும். அவர் சுகமாக இருப்பதே அந்தக் குளிசையால்தான். ஒருமுறை எழுச்சி வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நோய் திரும்பவும் வரும். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் தொடர்ந்து மருந்து எடுப்பது போலத்தான் இதுவும். இது சூனியமும் இல்லை, முன்வினையும் இல்லை. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ கூட்டிப்போங்கள், ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள். கட்டிவைப்பதும் அடிப்பதும் வேண்டாம்.

திரும்பிப் போகும் முதல் மாதங்களில் என்ன நடக்கும்? காணி துப்பரவாக்கும் வேலை, தற்காலிகக் கொட்டில், இரவில் காவல். நித்திரை குறையும். நித்திரை குறைவது எழுச்சியைத் தூண்டிவிடும். அதே நேரம் பழைய கிளினிக் தூரமாகிவிடும், குளிசையும் முடிந்துவிடும். ஆகவே புறப்படுவதற்கு முன் கிளினிக்கில் சொல்லுங்கள். புதிய இடத்து வைத்தியசாலைக்கு ஒரு கடிதமும், இடையில் போதுமான குளிசையும் கேட்டு வாங்குங்கள். ஊரில் முதல் வேலையாக அடுத்த கிளினிக் நாளைக் கேட்டறியுங்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் கேட்கலாம். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. இரவுக் காவலுக்கு வீட்டில் வேறொருவரை விடுங்கள்.

லித்தியம் எடுப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். நல்ல மருந்து, 1949ஆம் ஆண்டிலிருந்து இந்நோய்க்குப் பயன்பட்டு வருகிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு கூடினால் நஞ்சாகும். வைத்தியர் சொல்லும் நாட்களில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரவுக் குளிசை எடுத்து 12 மணித்தியாலம் கழிந்தபின், காலைக் குளிசை போடுமுன் இரத்தம் கொடுங்கள். வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம். நாரிப்பிடிப்புக்கு டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பனடோல் போடலாம். வயிற்றோட்டம், வாந்தி, பெரிதாகக் கை நடுக்கம், நடை தடுமாற்றம், நாக்குக் குழறல் கண்டால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வல்புரோவேட் எடுக்கும் பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே வைத்தியரிடம் பேச வேண்டும். அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. ஆனால் எந்த மருந்தையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். சோர்வுக்கென்று வேறு ஒருவரின் குளிசையையும் வாங்கிப் போடாதீர்கள். சோர்வை நீக்கும் சில மருந்துகள் தனியே எடுத்தால் எழுச்சியைக் கொண்டுவரும்.

வீட்டாருக்குக் கடைசியாக மூன்று விடயம். அவர் நலமாக இருக்கும்போதே, அவரோடு பேசி முடிவெடுங்கள். ஒன்று, இரண்டு இரவு தொடர்ந்து தூங்காவிட்டால் யார் கிளினிக்குக் கூட்டிப்போவது? இரண்டு, வீட்டுத்திட்டப் பணமும் காணி உறுதியும் அந்த நாட்களில் யார் கையில் இருப்பது? ஒரு கிழமையில் பணம் கரைந்தால் அத்திவாரத்தோடு வீடு நின்றுவிடும். மூன்று, தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் மிச்சக் குளிசைகளும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். சாகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதைப் பகிடியாக எடுக்காதீர்கள். தனியே விடாமல், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம்.

எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்விகள் இருக்கும். கூட்டம் முடிந்ததும் எங்கள் உத்தியோகத்தர்கள் இங்கேதான் இருப்பார்கள். தனியாக வந்து கேளுங்கள்.