மோட்டார் சைக்கிள் ரேடியேட்டரைச் செப்பனிடுதல்

(இருசக்கர வாகனப் பழுது பார்க்கும் பயிற்சி பெறும் கிராம இளைஞர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



உங்களுக்குத் தொழில் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஸ்பானர் பிடித்துப் பிழைப்பவன் அல்லன். ஆயினும் இவ்வொன்றியத்து ஊர்களுக்கெல்லாம் சென்று வருபவன் என்ற முறையில், நாடோறும் கண்ணில் படும் ஒரு குறையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று விரும்பினேன்.

நம் கிராமத்து மெக்கானிக்குகள் நெடுங்காலமாகப் பழகியவை காற்றினால் குளிரும் இயந்திரங்களே. 2008-இல் யமஹா ஆர்15, 2012-இல் கே.டி.எம். 200 டியூக், 2017-இல் நம் ஓசூரிலே உருவாகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310, 2023-இல் ராயல் என்பீல்டு ஹிமாலயன் 450 என்று, திரவத்தால் குளிரும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றுட் சில இன்று கைமாறிக் கைமாறி, வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வரும் கிராமத்துப் பிள்ளைகளிடம் இருக்கின்றன. ரேடியேட்டரில் ஒரு கல் பட்டுத் துளை விழுந்தால், ஊர்க் கடைக்காரர் தொடத் தயங்குகிறார். நகரத்துக் கடையிலோ, "முழுவதையும் மாற்றுங்கள்" என்கிறார்கள். மாதத் தவணை கட்டுபவனுக்கு அது பெருஞ்செலவு. ஆகவே அவன் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டுகிறான். ஒருநாள் பிஸ்டன் இறுகி, இயந்திரமே நின்றுவிடுகிறது. ரேடியேட்டரின் விலையைப்போல் பன்மடங்கு அப்போது போய்விடும்.

எல்லாத் துளையையும் அடைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எதை அடைக்கலாம், எதை அடைக்கலாகாது என்று பிரித்தறியும் அறிவே நம் ஊர்களுக்கு இப்போது வேண்டும்.

முதலில் உலோகத்தை அறியுங்கள். பழைய டிராக்டர்களின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் கொண்டது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசினால் அதை எளிதில் ஒட்டினார்கள். மோட்டார் சைக்கிளின் ரேடியேட்டரோ அலுமினியம். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனே ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அப்படலமோ 2,000 டிகிரிக்கு மேலும் உருகாது. ஆகையால் பழைய பற்றாசு அதில் ஒட்டாமல் முத்து முத்தாய் உருண்டோடும். இன்னொன்று: இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து திடீரென்று ஒழுகி விழுந்துவிடும். சுடர் விளக்கைக் கையிலெடுக்கும் புதியவர்கள் பலர் சிறு துளையைப் பெருந்துளையாக்குவது இதனாலேதான்.

அடுத்தது, கசிவின் இடத்தைக் காணுதல். ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, சைக்கிள் பம்பினால் காற்றடித்தால் குமிழிகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ரேடியேட்டர் மூடி சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 16 பவுண்டு அழுத்தத்தில் திறக்கும். அதற்கு மேல் காற்று ஏற்றாதீர்கள். டயர்க் கடைக் கம்ப்ரஸரை நேரே வைத்தால் நல்ல குழாய்களும் பிளந்துபோகும். குமிழியே வரவில்லை, ஆயினும் திரவம் குறைகிறது, புகைக்குழாயில் இனிப்பு நெடியுடன் வெண்புகை வருகிறது, ஆயில் மோர்போல் வெளுத்திருக்கிறது என்றால், குற்றம் ரேடியேட்டரில் இல்லை. சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டில் பாருங்கள்.

துளை பக்கத்துத் தொட்டியிலோ, குழாய் மாட்டும் மூக்கிலோ இருந்தால் நல்ல காலம். அங்கே உலோகம் தடிப்பானது. ஆர்கன் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுத்தால் நெடுநாள் உழைக்கும்படி முடித்துவிடுவார். நடுவிலுள்ள தட்டைக் குழாய்களில் துளை இருந்தால் காரியம் கடினம். அவற்றின் சுவர் அரை மில்லிமீட்டர் கூட இராது. அங்கே கைதேர்ந்தவர்கள் செய்வது இது: பழுதான குழாயைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகளை அகற்றி, குழாயை வெட்டி, இரு முனைகளையும் நசுக்கி மூடிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு குழாய்களை இழந்தாலும் ரேடியேட்டர் வேலை செய்யும். நாலைந்தை மூடிவிட்டு, "சரியாகிவிட்டது" என்று கூலி வாங்குவது நேர்மையன்று. நம் சித்திரை வெயிலில், நெரிசலில் நிற்கும் வண்டி அதைப் பொய்யாக்கிவிடும்.

இரு கூறுகளைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பசையை இகழ வேண்டா. வழியில் அகப்பட்டவனை அது வீடு சேர்க்கும். இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கி, பூசியபின் நன்றாக இறுகவிட வேண்டும். ஆனால் மஞ்சள் தூளைக் கரைத்து உள்ளே ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெரிய லாரி ரேடியேட்டரில் ஒருவேளை பிழைத்துப்போகும். மோட்டார் சைக்கிளின் குறுகிய குழாய்களில் அது துளையை அடைப்பதோடு நில்லாமல் நல்ல வழியையும் அடைத்துவிடும். மஞ்சள் குழம்புக்கு ஆகட்டும்.

விபத்தில் மையப்பகுதி நசுங்கி, பல குழாய்கள் கிழிந்திருந்தால், மாற்றத்தான் வேண்டும். அதை வண்டிக்காரனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

துளை ஏன் விழுகிறது? அழகுக்காக முன்சக்கர மட்கார்டைக் கழற்றியும் குட்டையாக்கியும் ஓட்டுகிறார்கள். டயர் வாரியெறியும் ஜல்லி முழுவதும் ரேடியேட்டரின் மார்பில் விழுகிறது. (இந்த அழகு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) உங்கள் கடையிலும் ஓர் எதிரி உண்டு: வண்டி கழுவும் அதிவேக நீர்ப்பீச்சு. அதை அருகில் வைத்து அடித்தால் தகட்டு மடிப்புகள் படுத்துக்கொண்டு காற்றோட்டம் நின்றுபோகும். ஒரு கம்பிவலைக் காப்புக்கு ஆகும் செலவோ சொற்பம்.

ஊற்றும் திரவத்திலும் கவனம் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் உள்ளே காரை பிடிக்கச் செய்வதுடன் அலுமினியத்தையும் அரிக்கும். வண்டிக்குரிய கூலன்ட்டையே ஊற்றுங்கள்; அடர்த்தியாக வருவதானால், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரைக் கலந்துகொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை கொதியாமல் நிற்கும் நீர், மூடி திறந்த கணமே கொதித்து முகத்தில் பாயும்.

வடித்தெடுத்த பழைய கூலன்ட்டைக் கடைவாசலில் கொட்டுகிற வழக்கம் மிகக் கொடியது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. நாயும் கன்றுக்குட்டியும் நக்கும், குழந்தையும் விரலால் தொட்டுச் சுவைக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கும் நஞ்சு. மூடியுள்ள கேனில் வடித்து, பெயரெழுதி, எட்டாத உயரத்தில் வையுங்கள். குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

வேலை முடிந்து ரேடியேட்டரை மாட்டியபின், மூடியைத் திறந்தபடியே, குளிர்ந்த இயந்திரத்தைச் சற்று நேரம் ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் வெளியேறிய பிறகு மட்டத்தை நிரப்புங்கள். வண்டிக்காரனை இரண்டு நாள் ஓட்டிவிட்டு, மூன்றாம் நாள் காலை, வண்டியை எடுக்குமுன், குளிர்ந்த நிலையில் மட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விரற்கடை குறைந்திருந்தாலும் கூலி கேளாமல் மறுபடி கழற்றித் தொட்டியில் அமிழ்த்திப் பாருங்கள்.