பந்தியில் தொடங்கிய வாக்குவாதம்

(ஏரியூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நீ இரட்சிக்கப்பட்டாயா?" சபையில் வளர்ந்த எல்லோரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். என் ஆயாவைக் கேட்டால் யோசிக்காமல் "ஆமாம்" என்பார். அதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. அவரை அடக்கம் செய்ததோ கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம். பரலோகத்தில் இடம் உறுதியானவருக்கு இந்தப் பக்கம் ஆறடி கிடைக்கவில்லை. சபைப் பெரியவர் ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். "இரட்சிப்பு விசுவாசத்தால் வருவது தம்பி. சுவர் உலக வழக்கம்" என்றார்.

இந்தப் பதிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. மனிதன் விசுவாசத்தால் மட்டுமே நீதிமான் ஆகிறான், கிரியைகளால் அல்ல என்றார் லூத்தர். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற காலத்தில் அது கலகக் குரல். 1706இல் சீகன்பால்க் அதைத் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்தார். ஆனால் இங்கே ஒரே விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டார்களே தவிர, சாதியை விடவில்லை. பின்னால் வந்த லைப்சிக் மிஷன், சாதி சமூக வழக்கம்தான் என்று சொல்லி அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டது.

நற்செயலும் வேண்டும் என்ற கத்தோலிக்கத் திருச்சபையில் மட்டும் என்ன நடந்தது? வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிச் சுவரே இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். உங்கள் ஊர்ப் பெயரைப் போலவே ஒலிக்கும் எறையூரில், 2008 மார்ச்சில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

விசுவாசமா கிரியையா என்ற சண்டைக்கு லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் 1999இல் கூட்டறிக்கை போட்டு முடிவு கட்டினார்கள். ஆயாவின் பக்கத்துச் சுவர் இன்னும் நிற்கிறது.

வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். விசுவாசத்தால் நீதிமான் ஆவதைப் பற்றிப் பவுல் கலாத்தியருக்கு எழுதுவது எந்த இடத்தில்? புறஇனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, தன் ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகினார். அதை அந்தியோகியாவில் முகத்துக்கு நேரே கண்டித்ததைச் சொல்லிவிட்டுத்தான் பவுல் அந்தப் போதனைக்கு வருகிறார். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறாரே யாக்கோபு, அந்த அதிகாரம் எதில் தொடங்குகிறது? பணக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டும் சபையைக் கண்டிப்பதில். இருவரையும் எதிரெதிராக நிறுத்தி நூற்றாண்டுகளாக வாதாடினோம். இருவரும் கேட்டது ஒன்றைத்தான்: யாரோடு சாப்பிடுகிறாய், யாரை எங்கே உட்கார வைக்கிறாய்?

நற்செயலாலேயே கடவுள் முன் இடம் வாங்க முடியாதென்றால், பிறப்பால் மட்டும் எப்படி வாங்க முடியும்? விசுவாசத்தால் மட்டும் என்ற போதனையை நேர்மையாகப் பிடித்தாலே அந்தச் சுவர் விழ வேண்டும்.

சபையைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது தோழர்களே. ஒரு காதல் திருமணத்துக்காக 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிக்கப்பட்ட மாவட்டம் இது. சாதி ஒழிப்பில் நமக்கும் விசுவாசம் உண்டு, பேசுகிறோம், எழுதுகிறோம். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். நம் கிரியை என்னவென்று அவை சொல்லும்.