பிரேக் பேடு மாற்றுதல்

பாகூர், வில்லியனூர் வயற்பாதைகளின் சேறும் மணலும் மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக் பேடுகளை விரைவில் தேய்த்துவிடுகின்றன. தேயும் பரப்பு சுமார் 2 மில்லிமீட்டராகக் குறைந்ததும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

காலிப்பரைக் கழற்றிப் பழைய பேடுகளை எடுத்தபின், பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளுங்கள். அப்போது பிரேக் ஆயில் மேலே வழியக்கூடும். அது பட்டால் வண்டியின் வர்ணம் கெடும், உடனே நீர்விட்டுக் கழுவுங்கள். புதிய பேடுகளில் எண்ணெய்க் கை படலாகாது. போல்ட்டுகளை நன்கு இறுக்குங்கள்.

இனிக் கூறுவதே முக்கியம். பிஸ்டன் பின்வாங்கியிருப்பதால் லீவரை முதலில் அழுத்தும்போது பிரேக் பிடிக்காது. வேலை முடிந்த மகிழ்ச்சியில் இதை மறந்து சாலையில் இறங்குவோர் உண்டு. வண்டி நின்றபடியே, லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். பேடு டிஸ்கில் பதியச் சில நாட்களாகும். அதுவரை விழுப்புரம் சாலையில் வேகம் வேண்டாம்.