இருபதா, பதினஞ்சா? பராகோவாவில் ஒரு வீட்டு விருந்தாளி

போன எபிசோடுல, வெளியூர் போனா ஹோட்டல்ல தங்கறதா, யாரோட வீட்டுலயாவது தங்கறதான்னு பேசிட்டு இருந்தோம். நான் "வீடுதான்"னு அடிச்சுப் பேசினேன். அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. அதுல நான் அவ்வளவு நல்லவனா தெரிய மாட்டேன், பரவாயில்ல, சொல்லிடறேன்.

இடம் கியூபா. அதோட கிழக்குக் கோடியில, கடலோரத்துல பராகோவான்னு ஒரு சின்ன ஊர். 1511-ல ஸ்பானியர்கள் கியூபாவில் முதல்ல அமைச்ச ஊர் இதுதான். ஆனா பின்னாடி முழுக்க மலை. 1960-கள்ல லா ஃபரோலாங்கற மலைப்பாதை வர்ற வரைக்கும் இந்த ஊருக்குக் கடல்வழிதான் வழி. நான் 2019-ல சாந்தியாகோவுல இருந்து பஸ்ல போனேன். அஞ்சு மணி நேரம், வளைவுக்கு மேல வளைவு.

பஸ் நின்னதுமே ஒரு கூட்டம். கையில அட்டை, அட்டையில ரூம் போட்டோ. இவங்கதான் 'காசா பர்டிகுலர்'காரங்க, அதாவது சொந்த வீட்டுல ரூம் வாடகைக்கு விடறவங்க. சோவியத் யூனியன் உடைஞ்சதும் கியூபாவுக்குப் பெரிய பஞ்சம் வந்தது. சுற்றுலாக்காரங்களுக்கு ஜனங்க வீட்டைத் திறந்து விட ஆரம்பிச்சாங்க. 1997-ல அரசாங்கம் அதைச் சட்டபூர்வமாக்கி, லைசன்ஸ் கொடுத்தது. வாசல்ல நங்கூரத்தைத் தலைகீழா வெச்ச மாதிரி ஒரு நீலச் சின்னம் இருந்தா, அங்க வெளிநாட்டுக்காரங்க தங்கலாம்னு அர்த்தம்.

அறுபது வயசு இருக்கும், ஒரு அம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. ராத்திரிக்கு இருபது பெசோன்னாங்க. அப்போ டாலருக்குச் சமமா ஒரு தனி பெசோ இருந்தது. 2021 ஜனவரியில அதை எடுத்துட்டாங்க, அதனால இந்தக் கணக்கை வெச்சு பட்ஜெட் போடாதீங்க. நான் பதினஞ்சுன்னேன். அவங்க என் பையைப் பார்த்தாங்க, கூட்டத்தைப் பார்த்தாங்க, "வா மி அமோர்"னு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. மி அமோர்னா 'என் அன்பே'. பயந்துடாதீங்க, அங்க காய்கறிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நம்ம ஊர்ல "கண்ணு"ன்னு கூப்பிடற மாதிரி.

அஞ்சு டாலர் மிச்சம். ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

வீட்டுக்குள்ள போனதும் முதல் வேலை, ஒரு பெரிய நோட்டுல என் பாஸ்போர்ட் விவரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. இது கட்டாயம், குடியேற்ற ஆபீசுக்குத் தகவல் போகணும். ரெண்டாவது வேலை, சமையல். இங்கதான் நான் விழுந்தேன். கியூபாவில் பல ஊர்ல சாப்பாடு அரிசி, பீன்ஸ், பன்றிக்கறின்னு ஒரே மாதிரி இருக்கும். பராகோவா மட்டும் தேங்காய்ப்பால் ஊர். மீனைத் தேங்காய்ப்பால்ல வேக வெப்பாங்க. பச்சை வாழைக்காயைத் துருவி, நடுவுல நண்டு வெச்சு, வாழை இலையில கட்டி வேக வெப்பாங்க, அதுக்குப் பேரு பக்கான். தேங்காய்த் துருவல், தேன், கொய்யாவெல்லாம் கிளறி, பனை ஓலைக் கூம்புல அடைச்சு விக்கற குகுருச்சோ வேற. இதுல ஒரு விஷயம்: கரீபியன் தென்னை அந்த மண்ணோடது இல்ல. மரபணு ஆய்வுப்படி அது இந்தியப் பெருங்கடல் வகை, அதாவது தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு பக்கத்து உறவுக்காரன். ஐரோப்பியக் கப்பல்கள்ல போய்ச் சேர்ந்தது. அந்தக் குழம்பு எனக்கு ஏன் அப்படிப் பழகின ருசியா இருந்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

மூணாம் நாள் விடியக்காலைல தண்ணி குடிக்க எழுந்தேன். அடுப்படியில அந்த அம்மாவும் பேரனும். ரொட்டி, எண்ணெய், காபி. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல அந்த அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டற சத்தம், திரும்பி வரும்போது கையில ரெண்டு முட்டை. எட்டு மணிக்கு அந்த ரெண்டு முட்டையும் பப்பாளியோட என் தட்டுல இருந்துச்சு.

காலைச் சாப்பாட்டுக்குத் தனியா அஞ்சு பெசோ குடுத்துட்டுதான் இருந்தேன். ஆனா காசு இருந்தா முட்டை வந்துடுமா? அங்க 1962-ல இருந்து ரேஷன் புத்தகம். ஆளுக்கு மாசத்துக்கு இத்தனைன்னு எண்ணித்தான் முட்டை. வெளிக் கடையில அந்த வருஷம் பல நாள் முட்டையே கிடையாது.

அன்னிக்குத்தான் போன்ல மொழிபெயர்ப்பு ஆப்பை வெச்சுக்கிட்டு உருப்படியா பேசினேன். ரூம் காலியா இருந்தாலும் மாசாமாசம் லைசன்ஸ் பணம் கட்டணும். வருமானத்துக்கு வரி வேற. தலைக்கு மேல இருந்த புதுத் தகரத்தைக் காட்டினாங்க. 2016 அக்டோபர் 4, மேத்யூ புயல். இவங்க பேரனோட பக்கத்து கான்கிரீட் வீட்டுல ஒதுங்கியிருக்காங்க, காலைல வந்து பார்த்தா கூரை இல்ல. அன்னிக்கு அடைக்கலம் குடுத்த வீடும் இன்னிக்கு முட்டை குடுத்த வீடும் ஒண்ணுதான்.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மூணு ராத்திரிக்கு நான் குறைச்ச பதினஞ்சை எடுத்து மேஜை மேல வெச்சு, "நீங்க சொன்ன விலையையே குடுத்துடறேன்"னேன். அந்த அம்மா பணத்தைத் தொடல. முகம் கொஞ்சம் மாறுச்சு. "பேசின விலை பேசினதுதான். எனக்குக் குடுக்கணும்னா இன்னொரு நாள் தங்கு"ன்னாங்க.

சரி, தங்கறேன்னேன். நோட்டை எடுத்து, ஒரு நாளைக் கூட்டி எழுதினாங்க. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "இந்த ராத்திரிக்கு இருபது"ன்னாங்க.

குடுத்தேன். கூடவே, நாளைக்கு எனக்கு ஒரு முட்டை போதும்னும் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா காதுலயே வாங்கல. மறுநாள் காலைலயும் தட்டுல ரெண்டு முட்டை இருந்துச்சு. அவங்க நின்னு பார்த்துட்டே இருந்தாங்க, ரெண்டையும் சாப்பிட்டேன்.