கிணறு நமது, நீர் எல்லோருக்கும் பொது

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



வற்றாத ஆறு ஒன்றுமில்லாத மண்ணில் வாழ்பவர்கள் நாம். வழுக்கியாறு என நாம் பெயர் சொல்லி மகிழ்வதும் மாரியில் ஓடிக் கோடையில் மறையும் நீரோட்டமே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரி ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து ஓய்ந்துவிடுகின்றது. எஞ்சிய மாதங்களில் நாம் குடிப்பதும் குளிப்பதும், வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிப்பதும் நிலத்துக்குக் கீழே தங்கிய அந்த மழைநீரைக் கொண்டே.

2016ஆம் ஆண்டின் இறுதியில் அந்த மாரி பொய்த்தது. 2017இல் வட மாகாணம் கொடிய வரட்சியைக் கண்டது. தீவுப்பகுதிகளில் தாய்மார் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தண்ணீர் பவுசரின் வரவைப் பார்த்து நின்றனர். இத்தகைய காலங்களிலெல்லாம் முதலில் எழும் குரல் ஒன்றுண்டு: வீட்டார் சிக்கனமாகப் புழங்க வேண்டும் என்பதே அது. சிக்கனம் நல்லதுதான். ஆனால் அது யாரிடம் கேட்கப்படுகின்றது? ஐந்து குடத்தில் சீவிப்பவளிடம் ஒரு குடத்தைக் குறைக்கும்படி கேட்கின்றோம். இயந்திரம் பூட்டிய கிணற்றுக்காரரிடம் எதுவும் கேட்பதில்லை. இது நீதியுமன்று, பயனுடையதுமன்று என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நமது நீரின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் மழைநீர் இறங்கித் தங்குகின்றது. அந்த நன்னீருக்குக் கீழே கடலின் உவர்நீர் நிற்கின்றது. பாரம் குறைந்த நன்னீர், பாரம் கூடிய உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், அது உவர்நீரை ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்குக் கீழே அமுக்கி வைத்திருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே கால் மீற்றர் இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உவர் 10 மீற்றர் ஏறிவர வழி பிறக்கின்றது! ஒருமுறை உவராகிய கிணறு அடுத்த மாரியிலேயே இனிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நமது காணிகளுக்கு வேலி உண்டு. காணிக்குக் கீழுள்ள நீருக்கு வேலி இல்லை. ஒரு தோட்டத்தில் மிதமிஞ்சி இறைக்கும் நீர் அயல் வளவின் குடிகிணற்றையும் பாதிக்கின்றது. ஒரு வயலில் அளவுக்கு மீறி இட்ட உரத்தின் நைத்திரேற்று அயலவன் பிள்ளை குடிக்கும் நீரில் கலக்கின்றது. கிணற்றுக்கு அண்மையில் வெட்டிய மலக்குழி செய்யும் தீங்கும் அத்தகையதே.

நம் முன்னோர் துலா மிதித்து இறைத்தனர். மனிதனின் கால் ஓய்ந்தபோது கிணறும் ஓய்ந்தது; ஊற்று மீண்டும் ஊறியது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. துலாவுக்குத் திரும்புங்கள் என்று நாம் கூறவில்லை. உழைப்பவனின் முதுகை நிமிர்த்திய கருவியைப் பழிப்பது அறமன்று. துலா தானாகவே விதித்திருந்த எல்லையை இனி நாமே விதித்துக்கொள்ள வேண்டும் என்றே கூறுகின்றோம்.

இவ்வாறு எல்லை விதித்து, நகரத்தாரும் கமக்காரரும் சேர்ந்து பஞ்சத்தைக் கடந்த சான்று அண்மைக்காலத்திலேயே உண்டு. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளும் மழை குன்றியது. குழாய்களை மூடும் நாள்கூடக் கணிக்கப்பட்டது. 2018 பெப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. 10 லீற்றர் வாளியால் ஐந்து வாளி. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுவே! நகரத்தின் பாவனை மூன்றாண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதே பெப்ரவரியில் அயலிலுள்ள பழத்தோட்டக் கமக்காரர் தமது சேமிப்பிலிருந்து சுமார் 1,000 கோடி லீற்றர் நீரை நகரத்துக்கு விட்டுக்கொடுத்தனர். மழை திரும்பும் வரையில் குழாய்கள் மூடப்படவில்லை. அங்கும் ஏழைகளின் சேரிகளில் பொதுக்குழாயடியில் காத்திருப்பது வரட்சிக்கு முன்னரும் வழக்கமாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது. அவர்கள் என்றுமே குறைவாகப் புழங்கியவர்கள்.

கேப்டவுனில் அளவுமானி இருந்தது. எவர் எவ்வளவு எடுத்தார் என்பது தெரிந்தது. நமது கிணறுகளுக்கு அளவுமானி இல்லை. ஆதலால் நமக்கு வேண்டியது ஊரின் உடன்பாடு. அதற்குச் சில யோசனைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வோர் ஊரிலும் சில கிணறுகளைத் தெரிந்து, மாதந்தோறும் நீர்மட்டத்தையும் உவரையும் அளந்து, சந்தியில் எல்லோரும் காண எழுதிவைக்க வேண்டும். இதைச் செய்ய ஆசிரியரும் பொறியியலாளரும் நம்மிடையே உளர். இரண்டாவது, மட்டம் இன்ன அளவுக்கு இறங்கினால் இறைப்பை ஒன்றுவிட்டொரு நாளாக்குவது என்றும், வெயில் நேரத்தில் இறைப்பதில்லை என்றும் கமக்காரர் அமைப்புகள் மாரிக்கு முன்னரே தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது, குடிநீர் முதலில், கால்நடை அடுத்து, நிற்கும் பயிர் அதற்கடுத்து, புதிய நடுகை கடைசியில் என வரிசை வகுக்க வேண்டும். இதனால் நட்டமடையும் கமக்காரரின் சுமையை ஊரும் அரசாங்கமும் பகிர வேண்டும். நான்காவது, தூர்ந்துபோன குளங்களையும் கேணிகளையும் அகழ வேண்டும். குளத்தை நிரவி வீடு கட்டுவதை விட வேண்டும். இயந்திரத்தால் மேல்தொட்டி நிரப்பும் உத்தியோகத்தர் வீடுகளும் இவ்விதிகளுக்கு உட்பட்டவையே.

அப்படியானால் அரசாங்கத்துக்குக் கடமை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு! பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954இல் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். கடலுக்கு வீணே போகும் மாரி வெள்ளத்தை மறித்துக் கடல்நீரேரிகளை நன்னீராக்குவதே அதன் சாரம். எழுபது ஆண்டுகள் கடந்தும் அது முழுமை பெறவில்லை. இரணைமடு நீரைக் குடாநாட்டின் குடிநீருக்குக் கொண்டுவர முயன்றபோது கிளிநொச்சிக் கமக்காரர் அஞ்சினர். அவர்களது அச்சம் நியாயமானது; வயலுக்கே போதாத ஆண்டுகளை அவர்கள் கண்டவர்கள். பின்னர் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீரைப் பெறும் நிலையம் எழுந்து, 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. அந்நீரும் மின்சாரச் செலவின்றி வருவதன்று.

பெருந்திட்டங்களைக் கேட்பது நமது உரிமை, தொடர்ந்து கேட்போம். ஆனால் எத்திட்டம் வந்தாலும் நமது தோட்டங்களை நனைக்கப்போவது காலடியிலுள்ள நீரே. அதைக் காக்கும் அதிகாரத்துக்கு நாம் எவர் வாயிலிலும் நிற்க வேண்டியதில்லை. நமது ஊரின் நீரை நாமே அளந்து, நாமே பங்கிட்டுக் காட்டுவோமானால், உரிமை கேட்கும் நமது குரலுக்கும் வலிமை கூடும்.

அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னர் ஒவ்வோர் ஊரும் ஒருமுறை கூடட்டும். மழை பெய்தால் அவ்வுடன்பாட்டால் நட்டமில்லை. பெய்யாவிட்டால் அதுவே நம்மைக் காக்கும்.