பழைய பூச்சின்மேல் புதிய பூச்சு

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓவியர்க்குத் தமிழ் இட்ட பெயர்களுள் மிக அழகியது 'கண்ணுள் வினைஞர்' என்பதாகும். மதுரைக்காஞ்சியிலேயே வழங்கும் பழஞ்சொல் அது. காண்பவரின் கண்ணுக்குள் தம் வினையை நிலைநிறுத்துபவர் என்பது அதன் கருத்து. பெயர் இவ்வளவு சிறப்பாக இருக்க, நம் சினாலயங்களின் விதானங்களில் தீட்டிய வினைஞரின் பெயர்களோ கிடைக்கவில்லை. கட்டுவித்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. கொடை தந்தவர் பெயர் இருக்கிறது. துகிலிகை பிடித்தவர் பெயர் இல்லை. ஆயினும் அவர் கை சென்ற வழித்தடம் இருக்கிறது. சித்தன்னவாசலில் தொடங்கித் திருமலை வழியே திருப்பருத்திக்குன்றம் வரை அத்தடத்தைப் பின்பற்றிச் செல்வதே இன்றைய உரையின் பொருள்.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சித்தன்னவாசல். குன்றின் கிழக்குப் பக்கத்தில், 17 கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் கொண்ட ஏழடிப்பட்டம் உள்ளது. மேற்குச் சரிவில் இருப்பது அறிவர் கோயில் என்னும் குடைவரை. அதன் ஓவியங்களைப் பற்றி டி. ஏ. கோபிநாத ராவ் அறிவிக்க, புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1920ஐ ஒட்டி அவற்றை உலகறியச் செய்தார். சுவர்ப்பரப்பில் இருந்தவை பெரும்பாலும் அழிந்துவிட்டன. விதானத்திலும் உத்தரங்களிலும் தூண்களின் மேற்பகுதியிலும் உள்ளவையே எஞ்சின. மனிதர் கை எட்டாத உயரத்தில் இருந்தவை மட்டும் பிழைத்தன என்பதை இங்கே குறித்துக்கொள்ளுதல் நலம்.

முன்மண்டப விதானத்தில் இருப்பது ஒரு தாமரைக் குளம். வெறும் குளம் என்றுதான் முதலில் பலரும் பார்த்தார்கள். சமவசரணத்தின் காதிகா பூமியே அது என்றும், ஜினேந்திரரின் திவ்வியத்வனியைக் கேட்கச் செல்லும் பவ்வியர் அங்கே இறங்கித் தாமரை கொய்கின்றனர் என்றும் டி. என். இராமச்சந்திரன் முதலிய அறிஞர் விளக்கினர். ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த குடும்பத்தார்க்கு இவ்விளக்கம் புதிதன்று. ஆனால் ஓவியர் அதனைக் காட்டிய முறை புதிது. பீடத்தையோ முக்குடையையோ அவர் இங்கே வரையவில்லை. மீன் துள்ளுகிறது, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் நீரில் திளைக்கின்றன. மொட்டு, பாதி விரிந்த மலர், முழுதும் மலர்ந்த மலர், புறங்காட்டி மடிந்த இலை எனத் தாமரையின் பருவங்கள் அத்தனையும் அங்குண்டு. இடையிடையே பவ்வியர் மூவர். ஒருவர் கையில் பூக்கூடை இருக்கிறது. இன்னொருவர் தோளில் தண்டோடு கூடிய தாமரை சாய்ந்திருக்கிறது. எவர் முகத்திலும் பரபரப்பு இல்லை. கேட்கப்போகும் அறவுரையின் அமைதி முன்னரே அவர்களிடம் வந்துவிட்டது போலும்.

இதனைத் தீட்டியவர் பட்ட பாட்டையும் எண்ண வேண்டும். உளி கொத்திய பாறை சமமாக இராது. அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தை, விரற்கடைக்கும் மெல்லியதாகத் தலைக்கு மேலே பூசவேண்டும். மேலே நுண்மையான வெண்சுண்ணப் பூச்சு. காய்ந்த பூச்சின்மேல் நிறம் ஏற்றும் முறையே இங்குக் கையாளப்பெற்றது என்று, சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து கூறினார். காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ண வெண்மை, பச்சை மண் ஆகியவையே பெரும்பாலும் நிறங்கள். எல்லாம் மண்ணும் கல்லும் தந்தவை.

இனி உரையின் மையத்துக்கு வரலாம். துப்ரேய் இவ்வோவியங்களை மகேந்திரவர்மன் காலத்தவை, அதாவது ஏழாம் நூற்றாண்டின எனக் கருதினார். பல ஆண்டுகள் அதுவே பாடநூல்களிலும் நிலவியது. பின்னர்க் குடைவரையின் முகப்பருகே பாறையிலுள்ள தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு படிக்கப்பெற்றது. அவனிபசேகரனாகிய ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் உள்மண்டபத்தைப் புதுக்கினான், முகமண்டபத்தைப் புதிதாக எடுத்தான் என்று அது சொல்கிறது. 1940களில் கே. ஆர். சீனிவாசன் வேறொன்றையும் கண்டார். கருவறை விதானத்தில் கம்பளம் விரித்தாற்போன்ற பழைய கோலம் ஒன்று உண்டு; சதுரமும் வட்டமும் கோத்த ஒழுங்கான கோலம். அது முந்தைய பூச்சு. தாமரைக் குளம் பிந்தையது. ஆக, கணக்கிட்டுக் கோலம் வரைந்த ஒரு கைக்குப்பின், குளத்தையே விதானத்தில் நிரப்பிய இன்னொரு கை வந்திருக்கிறது.

இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் இன்றில்லை. இப்போது முகப்பில் நிற்கும் தூண்கள் குடுமியான்மலையிலிருந்து பிற்காலத்தில் கொண்டுவரப்பெற்றவை. ஆனால் அவன் எழுதிவைத்த சொற்கள் இருக்கின்றன. எதைப் புதுக்கினேன், எதைப் புதிதாகச் செய்தேன் என்று பிரித்துச் சொன்ன அந்த ஒரு நேர்மையால்தான், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு காலக்குழப்பம் தீர்ந்தது. பழையதைச் சுரண்டி எறியாமல் அவன் விட்டதும் அத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. கருவறைக் கோலம் எஞ்சியிராவிட்டால் முதல் ஓவியர் ஒருவர் இருந்தார் என்பதே தெரிந்திராது.

அடுத்தது போளூருக்கு அருகிலுள்ள திருமலை. சுமார் 16 அடி உயர நேமிநாதரைத் தரிசிக்கச் செல்லாத குடும்பம் இந்த அவையில் இராது. இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் சினாலயம் விளங்கும் தலமும் அதுவே. பாறையின் அடியிற் குகையை ஒட்டிச் செங்கற்சுவர் எழுப்பி அமைத்த அறைகளில் ஓவியங்கள் உள்ளன. இங்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இரு பூச்சுகள் உண்டென்பர். சமவசரணம் இங்கே குளமாக வரவில்லை. சக்கரம் போன்ற வட்டமாக, மேலிருந்து பார்ப்பது போல வரையப்பெற்றுள்ளது. ஒரே பொருளை ஒரு வினைஞர் நீர்நிலையாகக் கண்டார். மற்றவர் வரைபடமாகக் கண்டார். எது உயர்ந்தது என்ற கேள்வி தேவையற்றது. ஆயினும் குளத்தின் அருகே நிற்கும் மனம் வட்டத்தின் முன் சற்று விலகியே நிற்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

திருப்பருத்திக்குன்றத்துக்கு வந்தால் ஓவியர் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார். ஜினகாஞ்சி எனப்பெறும் இவ்வூரின் திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபத்தை 1387-88இல் எடுப்பித்தவர் விசயநகர அமைச்சர் இருகப்பர். வடமொழியில் நிகண்டு ஒன்றும் இயற்றியவர் அவர். அம்பியில் குந்துநாதருக்குக் கோயில் எடுத்தவரும் அவரே. மண்டப விதானத்தில் அக்காலத்துப் பூச்சின் எச்சங்கள் சில. அவற்றுக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளில் வரைந்த கதைத்தொடர் பல. நீண்ட பட்டைகளாக விருஷபதேவர் வரலாறு செல்கிறது. நமியும் வினமியும் நாடு கேட்டு வந்து நிற்பதும், தரணேந்திரன் தோன்றுவதும் அங்குண்டு. வர்த்தமானர் வரலாறும் உண்டு. தர்மதேவியின் கதையும் உண்டு. கண்ணன் கதையும் இருப்பதைக் கண்டு, வழிதவறி வைணவக் கோயிலுக்குள் வந்துவிட்டோமோ என்று திகைக்கும் வெளியூரார் உளர். கண்ணன் நேமிநாதருக்கு உறவு என்று சொன்னபின்தான் அவர்கள் தெளிகின்றனர்.

ஒவ்வொரு காட்சியின் கீழும் தமிழில் விளக்கம் எழுதியிருப்பதே இங்குள்ள தனிச்சிறப்பு. சித்தன்னவாசல் ஓவியர் காண்பவரை நம்பி மௌனமாக விட்டார். பருத்திக்குன்றத்து ஓவியரோ, பின்வரும் தலைமுறை கதையை மறந்துவிடக்கூடும் என ஐயுற்றவர்போல, படத்தோடு சொல்லையும் வைத்தார். அவர் ஐயம் வீண்போகவில்லை. இராமச்சந்திரன் இக்கோயில்களைப் பற்றி எழுதிய விரிவான நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. காட்சிகளை வரிசைப்படுத்தி, எழுத்துகளையும் படித்து, படங்களுடன் அவர் பதிவு செய்தார். விதானத்தில் மங்கிப்போன இடங்களை இனங்காண இன்று அந்நூலே துணை.

இவை பேர்பெற்ற தலங்கள். ஆராயவும் காக்கவும் ஆள் உண்டு. சிற்றூர்ச் சினாலயங்களின் நிலைதான் கவலைக்குரியது. திருப்பணி என்றவுடன் பழைய சுண்ணப் பூச்சைக் கொத்தி எறிந்து சிமெண்டு பூசி, எனாமல் வண்ணம் அடிக்கும் வழக்கம் பரவிவிட்டது. பக்தியில் குறையில்லை, பணமும் தாராளமாகவே வருகிறது. ஆனால் சுண்ணச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன்மேல் சிமெண்டும் எனாமலும் ஏறினால் உள்ளே சிக்கிய ஈரம் உப்பை வெளித்தள்ளும். அடியில் ஓவியம் இருப்பின் அது பொடிப்பொடியாக உதிரும். மேலே அடித்த வண்ணமும் சில ஆண்டுகளில் கொப்பளித்து உரியும். பிறகு மீண்டும் கொத்துவார்கள்.

புதுக்கவே கூடாது என்பதன்று வாதம். இளங்கௌதமன் புதுக்கினான், பருத்திக்குன்றத்திலும் புதுக்கினர். புதுக்காமல் இருந்திருந்தால் தாமரைக் குளமே பிறந்திராது. இன்றைய திருப்பணிக் கல்வெட்டுகளில் நன்கொடையாளர் பெயரும் தொகையும் வரிசையாக இருக்கின்றன. முன்பு அச்சுவரில் என்ன இருந்தது என்ற ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சேர்க்கக் கூடுதலாக ஒரு சாண் சலவைக்கல் போதும்.

இன்னொன்று வீடுகளிலேயே கிடைக்கக்கூடியது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஊர்க்கோயிலில் விழாக்காலத்திலும் திருமணக் காலத்திலும் எடுத்த நிழற்படங்கள் பல குடும்பங்களின் பெட்டிகளில் இருக்கும். மணமக்களையும் பெரியவர்களையும்தான் அவற்றில் பார்த்திருப்போம். அவர்களுக்குப் பின்னால் மண்டபச் சுவர் தெரியும். தூணின் வண்ணம் தெரியும். சில படங்களில் விதானத்தின் ஓரமும் தெரியும். வண்ணம் பூசுவோர் சாரம் கட்டுவதற்குமுன் அப்படங்களை எடுத்து, பின்புறத்தில் ஊரும் ஆண்டும் எழுதி, ஒரு படியை அறக்கட்டளையிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.